அபுதாபியா, மஸ்கட்டா? ஊரிலிருந்து வருபவர்களை எந்தப் பெரிய பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போவது?

டிசம்பர் லீவுக்கு அப்பா அம்மா வளைகுடாவுக்கு வருகிறார்கள் என்றால் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே தயாராகிவிடும். புர்ஜ் கலீஃபா, பாலைவன சஃபாரி, தெய்ரா தங்கக் கடைத்தெரு, அப்புறம் "அந்த வெள்ளை மசூதி". வெள்ளை மசூதி என்பது அபுதாபியில் உள்ள ஷேக் ஜாயித் பெரிய பள்ளிவாசல். கொஞ்ச நாள் இங்கே இருந்தவர்கள் உடனே குறுக்கே வந்து, "அதைவிட மஸ்கட்டில் சுல்தான் காபூஸ் பள்ளிவாசல்தான் அழகு, அங்கே கூட்டிப்போ" என்பார்கள். எதற்குப் போவது?

நான் ஷார்ஜாவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். அபுதாபிக்கு ஆறு தடவை போயிருப்பேன், பெரும்பாலும் யாரையாவது கூட்டிக்கொண்டு. மஸ்கட்டுக்கு இரண்டே தடவை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நாள்தான் இருக்கிறது, வயதானவர்களோ சின்னப் பிள்ளைகளோ கூட வருகிறார்கள் என்றால் அபுதாபி, அதுவும் சாயங்காலம். ஒரு ராத்திரி தங்க முடியும், வருபவர் எதையும் நின்று நிதானமாகப் பார்க்கிற ஆள் என்றால் மஸ்கட், காலையில். இந்த நேரக் கணக்கு ரொம்ப முக்கியம். நேரத்தைத் தவறவிட்டால் இரண்டில் எதற்குப் போனாலும் பாதிதான் கிடைக்கும்.

எது பெரிசு என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அப்படிப் பார்த்தால் அபுதாபிதான் பெரிசு. 82 குவிமாடங்கள், நூறு மீட்டரைத் தாண்டிய நான்கு மினாராக்கள், ஒரே சமயத்தில் 40,000 பேருக்கு மேல் தொழக்கூடிய இடம். மஸ்கட்டில் சுமார் 20,000 பேர். ஆனால் உள்ளே நிற்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் மனிதனைச் சின்னவனாக்கும் அளவுக்குப் பெரியவைதான். இன்னொன்று, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கைகளில் உருவானவை. இரண்டின் கம்பளமும் ஈரான் கம்பள நிறுவனம் நெய்தது. இரண்டின் சரவிளக்கையும் செய்தது ஃபாஸ்டிக் என்ற ஜெர்மன் நிறுவனம். கல்லில்கூட நம் நாட்டுப் பங்கு இருக்கிறது. மஸ்கட் பள்ளிவாசல் மூன்று லட்சம் டன் இந்திய மணற்கல்லால் எழும்பியது. அபுதாபியில் முகப்புக்கு மாசிடோனியா, உட்சுவருக்கு இத்தாலி என்று பல நாட்டுப் பளிங்கு வந்திருக்கிறது, அந்த வரிசையில் ராஜஸ்தானத்து மக்ரானாவும் உண்டு.

போகும் வழியும் நேரமும்

அபுதாபி சுலபம். துபாயிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். பள்ளிவாசல் அபுதாபித் தீவுக்குள் நுழைகிற மக்தா பாலத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நகர நெரிசலுக்குள் போகவே வேண்டியதில்லை. கார் இல்லாதவர்களுக்கு துபாயில் இப்ன் பதூதாவிலிருந்து பஸ் இருக்கிறது. ஆனால் அது நகரத்துப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து டாக்சி பிடித்து வந்த வழியே கொஞ்ச தூரம் திரும்ப வேண்டும். நான்கு பேராகப் போனால் கார் வாடகையே கட்டுப்படியாகும்.

நுழைவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பள்ளிவாசலின் இணையதளத்தில் பெயர் பதிந்து, நேரம் குறித்து, அந்த அனுமதிச் சீட்டைப் போனில் வைத்திருக்க வேண்டும். காலையில் திறந்தால் ராத்திரி வரை பார்வையாளர்களை விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ என்ற கூட்டுத் தொழுகைக்காக நண்பகலில் சில மணி நேரம் நிறுத்துவார்கள். ரமலானில் நேரம் மாறும், அதனால் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மஸ்கட் அப்படி இல்லை. முஸ்லிம் அல்லாத பார்வையாளர்களுக்கு அங்கே காலை 8 முதல் 11 வரைதான், வெள்ளிக்கிழமை கிடையவே கிடையாது. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், அவ்வளவுதான். இதைச் சரியாகக் கணக்குப் பண்ணாமல்தான் முதல் தடவை நான் ஏமாந்தேன். ராத்திரி பஸ்ஸில் ஏறினால் விடியும்போது மஸ்கட், குளித்துவிட்டு எட்டரைக்குப் பள்ளிவாசல் என்று திட்டம். எல்லையில் எங்கள் பஸ் வரிசையில் நின்றது நின்றதுதான். பள்ளிவாசல் வாசலுக்கு வந்தபோது மணி 10:40. பிரதானக் கூடத்துக்குள் கால் வைத்துத் தலையை அண்ணாந்த நேரத்தில் காவலர் கையைக் காட்டி எல்லோரையும் வெளியே அனுப்ப ஆரம்பித்துவிட்டார். 450 கிலோமீட்டர் போய் இருபது நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதனால்தான் சொல்கிறேன், மஸ்கட் என்றால் முதல் நாளே போய்ச் சேருங்கள். விமானமானால் ஒரு மணி நேரம்தான், விமான நிலையத்திலிருந்து பள்ளிவாசலும் பக்கம்.

விசாவையும் மறக்க வேண்டாம். ஊரிலிருந்து வந்தவர்களிடம் இருப்பது ஒற்றை நுழைவு அமீரக விசா என்றால், ஓமான் எல்லையைத் தாண்டிய உடனே அது முடிந்துவிடும். திரும்பி வரப் புது விசா எடுக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே பலருக்கு மஸ்கட் கைகூடாது. அதே சமயம், சென்னையிலிருந்து நேரே மஸ்கட்டில் இறங்கி ஓமானை மட்டும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவர்கள் இறங்கிய மறுநாள் காலையே இதை வைத்துக்கொள்ளலாம்.

உடை

இதில் இரண்டு இடத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெண்களுக்குக் கணுக்கால் வரை, மணிக்கட்டு வரை மூடிய தளர்வான உடை, தலையில் துணி. ஆண்களுக்கு முழு பேன்ட். நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது புடவை பற்றி. புடவை மரியாதையான உடைதானே என்று நினைப்போம். ஆனால் இடுப்பும் முழங்கைக்குக் கீழும் தெரிகிறது என்பதால் வாசலில் நிறுத்திவிடுவார்கள். மேலே உடம்பு முழுக்க மூடும் அபாயா என்ற தளர்வான அங்கி ஒன்று போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை. வீட்டிலிருந்தே ஒன்று வாங்கி எடுத்துப்போவது நல்லது. முழுக்கைச் சுடிதாரும் பெரிய துப்பட்டாவும் இருந்தாலும் போதும், துணி மெல்லியதாக இருக்கக் கூடாது. போட்டோ எடுக்கலாம், ஆனால் தோளில் கைபோட்டுக் கட்டிப்பிடித்து எடுக்க வேண்டாம். அது தொழுகிற இடம், நாம் விருந்தாளிகள்.

கம்பளம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அம்மா பவானிக்காரர். தாத்தா வீட்டில் குழித்தறி இருந்தது, அம்மா ஜமக்காளம் நெய்யும் சத்தத்தில் வளர்ந்தவர். அதனால் இரண்டு இடத்திலும் எல்லோரும் மேலே சரவிளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

அபுதாபிக் கம்பளம் 5,627 சதுர மீட்டர். ஒரே கூடத்தை முழுக்க மூடும் அதன் எடை 35 டன், முடிச்சுகள் 226 கோடிக்கு மேல். அது வரும்வரை மஸ்கட் கம்பளம்தான் உலகத்திலேயே பெரியது என்று பேசப்பட்டது. அது 21 டன், 170 கோடி முடிச்சு, 28 நிறம். ஈரானின் கொராசான் பகுதியைச் சேர்ந்த அறுநூறு பெண்கள் நெய்தார்கள், நான்கு வருஷம் ஆனது. துண்டு துண்டாகக் கொண்டுவந்து பள்ளிவாசலிலேயே வைத்து இணைத்தார்கள்.

அபுதாபியில் பார்வையாளர்களுக்கென்று கயிறு கட்டிய ஒரு வழி உண்டு. அந்த வழியிலேயே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், பின்னால் கூட்டம் வரும். கம்பளத்தை ஒரு பூந்தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது போலத்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கவும் அது அழகுதான். இளம்பச்சையில் பெரிய வட்டமும், அதிலிருந்து கிளம்பும் கொடிகளும் மேலே தொங்கும் விளக்கோடு சேர்ந்து ஒரே ஓவியம் மாதிரி இருக்கும்.

மஸ்கட்டிலும் கம்பளத்தின்மேல் நேராகக் கால் வைக்க முடியாது. நீல நிறத்தில் ஒரு விரிப்புப் பாதை போட்டிருப்பார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு அதில்தான் நடக்க வேண்டும். ஆனால் காலை எட்டு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, பாதையோரத்தில் நிற்கலாம். இரண்டாவது தடவை அம்மாவோடு போனபோது அவர் அந்தப் பாதையோரத்தில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். தொடவில்லை. முகத்தை மட்டும் கம்பளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம ஜமக்காளத்துல பாவு மறைஞ்சுரும், ஊடைதான் நிறம் காட்டும். நாடாவ இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் போயிரும். இதுல ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சாடா?" என்று கேட்டார். பாவு என்பது நீளவாட்டு நூல், ஊடை குறுக்கு நூல், நாடா அந்தக் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கருவி. நான் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்த முடிச்சைப் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய நாற்பது வருகிறது. கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் நாற்பது தடவை நூலைச் சுற்றி, இறுக்கி, வெட்டியிருக்கிறார்கள். அம்மா தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வருஷமா! அந்தப் பொண்ணுங்க கண்ணு என்னாயிருக்கும்" என்றார்.

இதே கணக்கு அபுதாபிக்கும் பொருந்தும், அங்கேயும் சதுர சென்டிமீட்டருக்கு நாற்பதுதான். ஆனால் அங்கே அம்மாவுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. உட்கார இடம் இல்லை, நிற்கவும் நேரம் இல்லை. நெசவு, தச்சு, கொத்துவேலை என்று கைவேலை தெரிந்தவர் யாராவது உங்கள் வீட்டிலிருந்து வந்தால், நான் மஸ்கட்டுக்கே ஓட்டுப் போடுவேன்.

அபுதாபிக்கே உரியது

நேர்மையாகச் சொன்னால், முதல் பார்வையில் அபுதாபி கொடுக்கிற அதிர்வு மஸ்கட்டில் இல்லை. வெளி முற்றம் மட்டும் 17,000 சதுர மீட்டர், வெள்ளைப் பளிங்கில் நிறநிறமாய்ப் பூக்கள் பதித்த தரை. அதைச் சுற்றிவரும் தாழ்வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள், ஒவ்வொன்றின் உச்சியும் பேரீச்ச மரத்தின் தலை மாதிரி பொன்னிறத்தில் விரியும். தூணின் உடம்பில் கல்லைக் குடைந்து வேறு நிறக் கற்களைக் கொடியாகப் பதித்திருக்கிறார்கள். ஆக்ராவில் தாஜ்மகாலைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை உடனே அடையாளம் தெரியும். உள்கூடத்துத் தூண்கள் 96, அவற்றில் முத்துச்சிப்பி பதித்திருக்கும். மக்காவை நோக்கிய கிப்லாச் சுவரில் அல்லாஹ்வின் 99 திருநாமங்கள், எழுத்துக்குப் பின்னாலிருந்து மெல்லிய வெளிச்சம். பிரதானச் சரவிளக்கின் எடை சுமார் 12 டன்.

ஆனால் இதெல்லாம் மத்தியான வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு மே மாதம் மதியம் சித்தப்பாவைக் கூட்டிப்போய், மனுஷன் நெற்றியில் கைவைத்து நிழல் தேடியதுதான் மிச்சம். சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உள்ளே போங்கள். வெள்ளைப் பளிங்கு முதலில் மஞ்சளாகும், அப்புறம் ரோஜா நிறம். சூரியன் மறைந்ததும் மஃரிப் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும்போது தாழ்வாரத்தை ஒட்டிய தடாகங்களில் தூண்களும் வளைவுகளும் தலைகீழாக நிற்கும். தொழுகை நேரத்தில் பார்வையாளர்களைக் கூடத்துக்குள் விடமாட்டார்கள், அதனால் உள்ளே பார்ப்பதைப் பாங்குக்கு முன்பே முடித்துக்கொண்டு வெளியே வந்து நிற்பது நல்லது. இருட்டியதும் விளக்குகள் வரும். அந்த ஒளி நிலவின் பிறைகளை ஒட்டி மாறும்படி அமைக்கப்பட்டது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பளீரென்ற வெள்ளை, தேய்பிறையில் நாளாக ஆக நீலம் கூடிக்கொண்டே போகும். சுவர்களில் மேகம் நகர்வது போலவும் தெரியும். நான் பௌர்ணமி அன்றும் பார்த்திருக்கிறேன், அமாவாசைக்கு முந்தின நாளும் பார்த்திருக்கிறேன். எனக்கு நீலம்தான் பிடித்தது. காலண்டரைப் பார்த்து நாள் குறிப்பது நமக்குப் பழக்கம்தானே, இதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பார்வையாளர் நுழைவு நிலத்தடியில் இருக்கிறது. கடைகளைத் தாண்டி நீளமான ஒரு சுரங்கப் பாதை வழியாகப் போக வேண்டும். நகரும் நடைபாதை உண்டு, முதியவர்களுக்குப் பேட்டரி வண்டியும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். அப்படியும் முடியாது என்றால் எதிரே வாஹத் அல் கராமா என்ற நினைவிடம் இருக்கிறது. அங்கே இருக்கும் நீர்ப்பரப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முழுப் பள்ளிவாசலும் அதன் நிழலும் ஒரே பார்வையில் கிடைக்கும். கூட்டமும் குறைவு. அபுதாபிப் படங்களில் நான் எடுத்த நல்ல படம் அங்கிருந்து எடுத்ததுதான்.

பள்ளிவாசலை ஒட்டியே ஷேக் ஜாயிதின் அடக்கத்தலம். இந்தப் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கிவைத்தவர் அவர். வேலை 1996-ல் ஆரம்பித்தது, 2004-ல் அவர் காலமானார், 2007-ல்தான் பள்ளிவாசல் திறந்தது. அடக்கத்தலத்தில் இடைவிடாமல் குர்ஆன் ஓதப்படுகிறது. அங்கே போட்டோ எடுக்கக் கூடாது.

மஸ்கட்டுக்கே உரியது

மஸ்கட் பள்ளிவாசல் 2001 மே மாதம் திறந்தது. நிறமே வேறு, வெளிர்ப் பழுப்பு மணற்கல். பின்னால் மொட்டை மலைகள், முன்னால் காகிதப்பூவும் புல்வெளியும் உள்ள தோட்டம். ஐந்து மினாராக்கள் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைக் குறிப்பவை, நடுவில் உள்ளது தொண்ணூறு மீட்டர் உயரம். வெளியே அலங்காரம் குறைவு. பெருசா ஒன்றுமில்லையே என்று தோன்றும், பக்கவாட்டுத் தாழ்வாரத்துக்குள் நுழையும் வரை.

என்னைக் கேட்டால் மஸ்கட்டின் உயிர் அந்தத் தாழ்வாரங்கள்தான். நீள நீளமாக, வளைவுக்கு மேல் வளைவாகப் போகும் அவற்றின் சுவரில் மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு மாடத்திலும் ஒவ்வொரு நாட்டு இஸ்லாமியக் கலை. ஒன்றில் துருக்கிப் பாணியில் நீலமும் சிவப்புமாகப் பூ ஓடுகள், ஒன்றில் முகலாயத் தோட்டத்துச் செடி, ஒன்றில் மொரோக்கோ பக்கத்துச் சிதறிய நட்சத்திரக் கோலம், ஒன்றில் பாரசீகம். பெரும்பாலான சுற்றுலாக் கூட்டங்கள் நேரே பிரதானக் கூடத்துக்குப் போய்விட்டு பஸ் ஏறிவிடும், இவற்றின் முன்னால் ஆளே இருக்காது. நானும் அம்மாவும் ஒரு மணி நேரம் மாடம் மாடமாகப் பார்த்தோம். நட்சத்திரக் கோலத்தை அம்மா மார்கழிப் புள்ளிக்கோலம் மாதிரி விரலால் காற்றிலேயே போட்டுப் பார்த்து, "எங்க ஆரம்பிச்சிருக்கான்னு தெரியலையே" என்றார்.

அப்புறம் பள்ளிவாசல் வளாகத்திலேயே ஒரு இஸ்லாமியத் தகவல் மையம் இருக்கிறது. உள்ளே போனால் ஓமானியப் பெண்கள் உட்காரவைத்து, கஹ்வா என்ற அரபுக் காபியும் பேரீச்சம்பழமும் கொடுத்து, எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்பார்கள். காசு கேட்பதில்லை. அந்தக் கஹ்வாவில் ஏலக்காய் வாசம் தூக்கலாக இருக்கும், சர்க்கரை இருக்காது, பழத்தைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, நான்தான் நடுவில் இருந்து சொன்னேன். தினமும் ஐந்து வேளைத் தொழுகையில் சமையலை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு அடுப்பைச் சிம்மில் வைப்பது போலக் கையால் காட்டினார். அபுதாபியிலும் இலவச வழிகாட்டிச் சுற்று உண்டு, நன்றாகவே சொல்கிறார்கள். ஆனால் முப்பது பேர் நடுவில் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மஸ்கட்டில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பிரதானத் தொழுகைக் கூடத்துக்குள் விடுவதில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டிவரும். இருப்பதே மூன்று மணி நேரம், அதில் இது பெரிய நஷ்டம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் யோசிக்காமல் அபுதாபி என்பேன்.

தொழப் போகிறவர்களுக்கு

இதுவரை சொன்னது என்னைப் போலப் பார்க்கப் போகிறவர்களுக்கு. என்னோடு வேலை பார்க்கும் காயல்பட்டினத்து நண்பருக்கு இந்தக் கணக்கே வேறு. அவர் பள்ளிக்குப் போவது தொழ. பாங்கு சொன்னால் ஒளு செய்துவிட்டு, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிவிட்டு, வரிசையில் நின்றுவிடுவார், காலை பதினொரு மணி என்ற கெடு அவருக்குக் கிடையாது. கயிறுக்கு அந்தப் பக்கம், அந்தக் கம்பளத்தின் மேலேயே நெற்றி வைத்து ஸுஜூது செய்திருக்கிறார். அவரைக் கேட்டால் மஸ்கட்தான் என்கிறார், ஒரு சாதாரண நாளில் அங்கே தொழுதபோது கிடைத்த அமைதிக்காக. ரமலானில் மட்டும் அபுதாபி, ஆயிரக்கணக்கானவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறக்கும் அனுபவத்துக்காக.

இரண்டுக்குமே நேரம் இல்லை, துபாயை விட்டு வெளியே போக முடியாது என்பவர்களுக்கு ஜுமைரா பள்ளிவாசல் இருக்கிறது. பெரிய பள்ளிவாசல் என்ற கணக்கில் வராது. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் அந்தச் சுற்றில் ஒளு செய்வதிலிருந்து தொழுகை வரை செய்து காட்டி விளக்குவார்கள், கேள்விக்குப் பதில் சொல்வார்கள். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு அதுவே போதும்.

இந்த ஜனவரியில் என் அத்தை வருகிறார். எழுபத்தொரு வயது, முழங்கால் வலி, விசா ஒற்றை நுழைவு, கையில் இருப்பது ஒன்பது நாள். அபுதாபிக்கு மஃரிபுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நேரம் பதிந்துவிட்டேன், தேய்பிறையில் ஒரு புதன்கிழமை. அத்தைக்கு என்று கறுப்பில் ஒரு அபாயா எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவும் கூடவே வருகிறார். தனக்கு இந்தத் தடவை பல நுழைவு விசா போடச் சொல்லியிருக்கிறார், தாழ்வாரத்தில் பார்க்காமல் விட்ட மாடங்கள் இன்னும் பாக்கி இருக்கின்றனவாம்.